பந்தக்காலைப் பிடுங்கலாமா?

இந்த மாலைக் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றும், எங்கள் கழகத்திற்குக் கடன் கொடுத்தும், ஆக இருவகையிலும் எங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிற கடலை மண்டி உரிமையாளர் உயர்திரு அரங்கநாதன் அவர்களே! கடனை வாங்கி, வாங்கியதை வாரி இறைத்து, இன்று வாடிய முகத்தோடு மேடையின் மூலையில் அமர்ந்திருக்கிற இராஜகிரி கால்பந்துக் கழகத்தின் செயலாளர், அருமை நண்பர் வெங்கடரமணன் அவர்களே! முன்வரிசையில் நாற்காலி போட்டு வீற்றிருக்கிற ஊர்ப் பெரியோர்களே! நாற்காலி கிடைக்காத கோபத்தில் நின்றுகொண்டிருக்கிற மற்றப் பெரியோர்களே! வல்லத்திலிருந்து வண்டி கட்டி வந்தவர்களே, தளவானூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர்களே, கடைசி பஸ் போய்விடுமே என்ற கவலையோடு தொண்டூரிலிருந்து வந்தவர்களே! சென்ற வெள்ளிக்கிழமை இந்தச் செஞ்சியின் மானத்தைச் சேலை முந்தானையில் முடிந்து காத்த செந்தமிழ்த் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் மைக் செட் பொன்னுசாமியின் மனமார்ந்த வணக்கம்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? கேட்காது. மைக் என்னுடையதுதான், அதற்கான வாடகையை இந்தக் கழகம் இன்னும் கொடுக்கவில்லை என்பது அதற்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

என்னை எதற்கு அழைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இராஜகிரி கால்பந்துக் கழகத்தை இன்றோடு கலைத்துவிடுவது. கம்பங்களையும் வலையையும் கோப்பையையும் விற்று, கிடைத்ததைக் கடனுக்கு வரவு வைப்பது. திடலைக் கடலை காயவைக்கும் களமாகத் தலைவர் அவர்களிடமே ஒப்படைப்பது. இதுதான் தீர்மானம். செயலாளர் சற்று முன்பு முன்மொழிந்துவிட்டார். இனி வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். ஊரிலே எத்தனையோ பேர் இருக்க, என்னை ஏன்? ஆட்டத்துக்கு ஆட்டம் ஒலிபெருக்கியிலே தொண்டை கிழியக் கத்தியவன் நான். நானே வழிமொழிந்துவிட்டால் நீங்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள் என்று தலைவர் கணக்குப் போட்டிருக்கிறார். வியாபாரி அல்லவா!

மொழிகிறேன், ஐயா, மொழிகிறேன். வழிமொழிவதற்கு முன்னால், வழியிலே நின்று நாலு வார்த்தை மொழிந்துகொள்ள அனுமதி கேட்கிறேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கவலைப்படாதீர்கள் ஐயா, வட்டி மாதத்துக்குத்தான் ஏறும், நிமிடத்துக்கு ஏறாது.

கடனைக் கண்டு கலங்குகிற ஊரா இது? கப்பப் பாக்கிக்காகக் கோட்டையையே கேட்டு ஆற்காட்டிலிருந்து படை வந்த ஊர் இது. தேசிங்கு ராஜன் காலத்திலிருந்தே நம்மிடம் பாக்கி கேட்டு யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அன்று குதிரையிலே வந்தார்கள், இன்று கோர்ட்டு உத்தரவோடு வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே கடன் வந்ததே என்று நான் கண்ணீர் வடிக்கப்போவதில்லை. அது எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு திண்டிவனத்தாரிடம் நாம் தோற்றோம். சாதாரணத் தோல்வியா அது? சந்தைக்குப் போனால் சிரித்தார்கள், சம்பந்தம் பேசப் போனால் சிரித்தார்கள். பொறுப்பாரா நம் செயலாளர்? மண்டிக்குப் போனார், கடன் கேட்டார், பெங்களூருக்குப் போனார், ஒரு முன்கள வீரரைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்ன உயரம், என்ன மீசை! பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஊரே கூடி மாலை போட்டது. நேரே திடலுக்கு அழைத்துப் போனோம். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கிரவுண்டு எங்கே?" என்றார். "இதன் மேல்தான் நிற்கிறீர்கள்" என்றோம். பசும்புல்லிலே பழகிய பாதம், பாவம், நம்முடைய பாறைச் சில்லையும் நெருஞ்சி முள்ளையும் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

ஆனால் அவர் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பஜார் ஓட்டலிலே காலையில் ஒரு கோழி, மாலையில் ஒரு கோழி. அவர் கால் பந்திலே பட்டதைவிடக் கை இலையிலே பட்டதுதான் அதிகம். "கோல் எப்போது போடுவீர்கள்?" என்று கேட்டால், "குழம்பு போடுங்கள்" என்பார். கடைசியில் ஒருநாள், ஊருக்குப் போய் வருகிறேன் என்று பஸ் ஏறினார். போனார், வரவில்லை. ஓட்டல் பாக்கி வந்தது. லாரி வாடகைப் பாக்கி வந்தது. சட்டைத் துணிப் பாக்கி வந்தது. சரி, நுழைவுச் சீட்டு விற்ற பணத்தில் அடைக்கலாமே என்பீர்கள். சீட்டு விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்பது கொஞ்சம் சங்கடமான சங்கதி. அதைப் பிறகு பேசுவோம்.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். கழகம் மூடினால் யாருக்கு நட்டம்? ஆட்டக்காரனுக்கா? அவனுக்குக் கால் இருக்கிறது, வேறு ஊருக்கு ஆடப் போவான். கடன் கொடுத்தவருக்கா? அவருக்குக் கம்பம் இருக்கிறது, களம் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தானே, அவனுக்கு என்ன இருக்கிறது?

தொண்டூர்த் தாண்டவராயன் வந்திருக்கிறாரா? அதோ, தலையைக் குனிகிறார். நிமிருங்கள், நல்லதைத்தான் சொல்லப்போகிறேன். இவர் வாழ்நாளில் பந்தைத் தொட்டவர் அல்ல. ஒருமுறை எல்லைக்கோட்டைத் தாண்டி இவர் மடியில் வந்து விழுந்த பந்தைக்கூட, ஏதோ சுடுகிற பொருளைத் தள்ளுவதைப் போலத் தள்ளிவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரைப் பூட்ட மாட்டார், கிணற்றிலே கவலை இறைக்க மாடு ஓட்ட மாட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திடலுக்கு வந்துவிடுவார். கழகம் கலைகிறது என்று கேள்விப்பட்டதும் என் கடைக்கு ஓடி வந்தார்.

"இன்னாப்பா பொன்னுசாமி, மெய்யாவா மூடறாங்கோ? அப்போ ஞாயித்துக்கெழம சாயங்காலம் நான் எங்க போவேன்? ஊட்ல இருந்தா எம் பொண்சாதி என்னியே பாத்துகினு ஒக்காந்திருப்பா!"

சிரிக்காதீர்கள். அவர் போய்க் கால்மணி நேரம் கழித்து அவருடைய மனைவி விருத்தாம்பாள் வந்தார். "அண்ணே, எப்பிடியாச்சும் கிளப்ப மூடாம பாத்துக்க. வாரத்துல அந்த ஒரு சாயங்காலந்தான் இந்த மனுசன் இல்லாம எனக்கு ஊடு ஊடா இருக்குது!"

பார்த்தீர்களா? ஒரு குடும்பத்தின் இரு பக்கத்தையும் ஒரே கழகம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. எந்தக் குடும்பக் கோர்ட்டு செய்கிற வேலை இது?

இன்னொன்று சொல்கிறேன். இதைச் சொல்லும்போது தலைவர் அவர்கள் கோபிக்கக் கூடாது. போன ஆண்டு விழுப்புரத்து அணியோடு ஆட்டம். ஆட்டம் முடியப்போகிற நேரத்திலே நம் பையன் ஒருவன் தலையால் முட்டினான் பாருங்கள், வலை கிழிந்தது! அந்தக் கணத்திலே உயர்திரு அரங்கநாதன் அவர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்திலே நின்ற ஆளை அப்படியே அணைத்துத் தூக்கிவிட்டார்கள். யாரை? தம் மண்டியிலே மூட்டை தூக்குகிற பச்சைமுத்துவை! காலமெல்லாம் மூட்டையைத் தூக்கியவனை முதலாளி தூக்கினார்! பச்சைமுத்து என்ன சொன்னான் தெரியுமா? "மொதலாளி, எறக்குங்க, மொதலாளி, இடுப்பு வலிக்குது" என்றான். அவர் இறக்கவில்லை. இன்னொரு தடவை குலுக்கினார்.

அன்பர்களே, நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த ஊரிலே நாம் ஒரே பஜாரில் வாழ்கிறோம், ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறோம். ஆனாலும் மண்டி முதலாளியும் மூட்டைக்காரனும் கட்டிப்பிடித்து நிற்க வேறு எந்த இடம் இருக்கிறது? கல்யாணத்தில் பந்தி வேறு. தேர் இழுக்கும்போது வடம் பிடிக்கிற இடம் வேறு. அந்த ஒரு கோல் விழுந்த ஒரு நொடியிலே மட்டும் யார் யார் என்பது மறந்துபோயிற்று. கம்பத்தை விற்கலாம், கோப்பையை விற்கலாம், அந்த நொடியை எந்தத் தராசிலே நிறுத்து விற்பீர்கள்?

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தாய்மார்கள் பக்கம் அதற்குள்ளே சிரிப்பு கிளம்பிவிட்டது.

தலைவர் அவர்கள் வாங்கிய கோர்ட்டு உத்தரவுப்படி கம்பங்களை ஜப்தி செய்து ஏலம் போட அமீனா வந்தார். ஊருக்கு அறிவிக்கத் தண்டோரா போடச் சொன்னார். உத்தரவிலே "கோல் போஸ்ட்" என்று ஆங்கிலத்திலே இருந்தது. தண்டோரா போடுகிறவருக்கும் ஆங்கிலத்துக்கும் ஆகாது. "இன்னாத்துக்கு அது? பந்து ஆடற எடத்துல நட்டுகிற கால்தானே? பந்துக்கால்!" என்று பெயர் சூட்டிவிட்டார். நான் மனதாரப் பாராட்டுகிறேன். பண்டிதர்கள் பத்து நாள் கூடிப் பேசியும் கிடைக்காத கலைச்சொல்! ஆனால் பஜார் தெருவிலே, மாட்டு வண்டிச் சத்தத்திலே, தண்டோராவின் டம்டம்மிலே, அந்தச் சொல்லிலிருந்து ஓர் உகரம் உதிர்ந்து விழுந்துவிட்டது. பந்துக்கால் பந்தக்கால் ஆகிவிட்டது.

தை மாதம்! தெருவுக்குத் தெரு முகூர்த்தம்! வீட்டுக்கு வீடு பந்தல்! அந்த நேரத்திலே, "கோர்ட்டு உத்தரவுப்படி பந்தக்கால் ஏலம்!" என்று காதிலே விழுந்தால் பெற்றவள் அடுப்படியிலே நிற்பாளா? பாத்திரக்கடை நாகம்மாள் தம் மகளுக்கு முதல்நாள்தான் பந்தக்கால் நட்டிருந்தார். மாவு அரைத்துக்கொண்டிருந்தவர் மாவுக் கையோடு தெருவுக்கு வந்தார். "எவன்டா அவன், பந்தக்கால ஏலம் போடறவன்?" என்று ஒரு குரல் கொடுத்தார். என்னுடைய ஒலிபெருக்கி தோற்றது! தெருவிலே இருந்த பெண்களெல்லாம் திரண்டுவிட்டார்கள்.

தண்டோராக்காரர் பின்னாலேயே திடலுக்குப் போனார்கள். போய்ப் பார்த்தால், அங்கே என்ன காட்சி? கம்பங்களுக்கு மஞ்சள் பூசியிருக்கிறது, குங்குமம் வைத்திருக்கிறது, உச்சியிலே மாவிலை கட்டியிருக்கிறது! அது எப்படி வந்தது? ஆட்டக்காலம் தொடங்கியபோது கம்பத்துக்கு ஒரு பூசை போடுங்கள் என்று செயலாளர் பூசாரியை அழைத்திருந்தார். பூசாரிக்குத் தெரிந்த கம்பம் ஒரே கம்பம்தான். குழியிலே நவதானியம் போட்டு, பால் ஊற்றி, முறைப்படி பந்தக்காலே நட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு பக்கத்துக்கும் நட்டார். நாம் யாரும் தடுக்கவில்லை.

அமீனாவின் ஆள் கடப்பாரையை ஓங்கியபடி நிற்கிறான். நாகம்மாள் போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா அக்கிரமம் இது? மஞ்ச பூசி நட்ட காலப் போயி பேத்தெடுக்கறியே, நீ நல்லா இருப்பியா?"

"அம்மா, அம்மா, கோவிச்சுக்காதீங்க. இது கல்யாணக் கால் இல்ல. பசங்க பந்து ஆடற கால்" என்றார் அமீனா.

"பந்து ஆடறதா?"

அவ்வளவுதான், தப்பு தெரிந்துவிட்டது, இனித் திரும்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். நான் பக்கத்திலே நின்றேன். அவர் ஒரு நிமிடம் கம்பத்தை ஏற இறங்கப் பார்த்தார். மாவிலையைப் பார்த்தார். பிடித்த பிடியை விடவில்லை.

"எதுக்கு நட்டா இன்னா? மொறையா நட்டாச்சி. காரியம் முடியாம பந்தக்கால அசைக்கக் கூடாதுன்னு உங்க ஊட்ல சொல்லித் தரல? உனக்குப் பொண்ணு இருக்குதா?"

"இருக்குது, அம்மா."

"அது கண்ணாலத்துக்கு நட்டத இப்பிடி ஒருத்தன் வந்து புடுங்கினா நீ சும்மா இருப்பியா?"

அமீனா என்ன செய்தார் தெரியுமா? கடப்பாரையைக் கீழே போடச் சொன்னார், செருப்பைக் கழற்றினார், அந்தக் கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், "முதல்ல ஊருக்குள்ள பேசித் தீத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அதனால்தான் இன்றைக்கு இந்தக் கூட்டம். அதனால்தான் இந்தத் தீர்மானம். கோர்ட்டால் பிடுங்க முடியாத கம்பத்தை நம் கையாலேயே பிடுங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

நாகம்மாள் அக்கா கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். காரியம் முடிந்ததா? வருகிற மாதம் திண்டிவனத்தோடு ஆட்டம் பாக்கி இருக்கிறது! மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை. மேளம் கொட்டவில்லை. தாலி ஏறவில்லை. அதற்குள்ளே பந்தக்காலைப் பிடுங்கலாமா? பிடுங்கலாமா? என்ன, சத்தமாகச் சொல்லுங்கள்! கூடாது! கேட்டீர்களா தலைவர் அவர்களே, மைக் இல்லாமலே கேட்கிறது!

கை தட்டாதீர்கள். தட்டுவதற்கு முன்னால் அந்தச் சங்கடமான சங்கதியையும் கேட்டுவிடுங்கள். கல்யாணம் என்று ஒப்புக்கொண்டீர்கள். கல்யாண வீட்டிலே சாப்பிட்டால் கை கழுவிவிட்டுப் பேசாமல் போய்விடுவோமா? மொய் எழுதுவோமா இல்லையா? ஏழையோ பணக்காரனோ, எழுதாமல் போனால் நாளைக்கு எந்த முகத்தோடு தெருவிலே நடப்பது? அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக இந்தத் திடலிலே விருந்து சாப்பிட்டோமே, மொய் எழுதினோமா?

எழுதவில்லை! ஏன்? நமக்குப் பாறை இருந்தது! ஆண்டவன் இந்த ஊருக்கு அள்ளிக் கொடுத்தது பாறை ஒன்றுதானே! செயலாளர் சீட்டு விற்கத் திடலைச் சுற்றித் தட்டி கட்டினார். நாம் பாறைமேல் ஏறினோம். அவர் தட்டியை ஒரு முழம் உயர்த்தினார். நாம் அடுத்த பாறைக்கு ஏறினோம். அவரும் உயர்த்த, நாமும் உயர, இன்னும் இரண்டு ஆட்டம் நடந்திருந்தால் இராஜகிரி மலை உச்சிக்கே போயிருப்போம்! உள்ளே சீட்டு வாங்கி உட்கார்ந்தவர்களை ஒரு பெஞ்சிலே அடக்கிவிடலாம். பாறையைப் பார்த்தால் தலைதான் தெரிந்தது, கல் தெரியவில்லை, ஊர் முழுக்க அங்கேதான். நடுவிலே ஒரு கறுப்புக் குடை. வெள்ளிப் பூண் போட்ட குடை. தலைவர் அவர்களே, அந்தக் குடை இப்போது தங்கள் நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. பச்சைமுத்துவைத் தாங்கள் தூக்கிய இடமும் அந்தப் பாறைதான்!

சிரிக்கிறார்! தலைவர் சிரிக்கிறார்! சிரிக்கட்டும், நல்லது.

பெங்களூர்க்காரர் தின்ற கோழி இந்தக் கழகத்தைக் கவிழ்த்தது என்று ஊரெல்லாம் பேசுகிறோம். கோழி எத்தனை தின்றுவிட முடியும் ஒரு மனிதனால்? கவிழ்த்தவர்கள் பாறையிலே இருந்தோம். மூலையிலே குனிந்து உட்கார்ந்திருக்கிற வெங்கடரமணனைக் கடன்காரன் என்று கைகாட்டுகிறோமே, அவன் வாங்கியதெல்லாம் நமக்காக வாங்கிய கடன்! நாம் கத்துவதற்காக வாங்கினான், நாம் குதிப்பதற்காக வாங்கினான், தாண்டவராயன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லாமல் இருப்பதற்காக வாங்கினான்! வெங்கடரமணா, தலையை நிமிர்த்துடா. கடன்காரன் நீ இல்லை. இதோ உட்கார்ந்திருக்கிறோம் பார், நாங்கள் கடன்காரர்கள்.

ஆகவே, தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழிய மாட்டேன். வேறு யாராவது வழிமொழிந்தால் எனக்கு வருத்தமில்லை, மைக்கை விட்டு விலகிக்கொள்கிறேன். வல்லத்தார் யாராவது? தளவானூர்? தொண்டூர்? பஜார்க்காரர்கள்? தாய்மார்கள்? யாராவது ஒருவர் கை தூக்குங்கள்.

ஒருவரும் இல்லை.

வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் விழுந்துவிட்டது, ஐயா. அதுதானே கூட்ட முறை? ஆனால் கடன் விழவில்லை. கடன் நிற்கிறது. தலைவர் அவர்களின் பணம் அவர் வியர்வை சிந்திச் சேர்த்த பணம். அதை ஏமாற்றிவிட்டுக் கழகம் நடத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆகையால் இதோ என் தோள் துண்டை இந்த மேசைமேல் விரிக்கிறேன். மொய் எழுதுங்கள். முதல் மொய் என்னுடையது, மைக் செட் வாடகைப் பாக்கி முழுவதும் தள்ளுபடி. அடுத்தது யார்?

யார் அது, கடைசி வரிசையிலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது? வாருங்கள், வழி விடுங்கள். பெயரைச் சொல்லுங்கள் ஐயா. விநாயகமா? எந்த ஊர்? என்னது? திண்டிவனமா!

உஷ்! கூச்சல் போடாதீர்கள். அவர் பேசட்டும். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, அவர் சொல்லச் சொல்ல நான் சொல்கிறேன். "நான் வெத்தல யாவாரி. சரக்குப் போட வந்தேன், மைக் சத்தம் கேட்டு நின்னேன்" என்கிறார். சரி. "போன வருசம் உங்கள ஜெயிச்சப்போ எங்க ஊர்ல மூணு நாளு தூங்கல" என்கிறார். பொறுங்கள், பொறுங்கள், அடிக்கப் பாயாதீர்கள். "இந்த வருசம் நீங்க இல்லன்னா, நாங்க யார ஜெயிக்கறது?" என்கிறார்.

போட்டுவிட்டார். துண்டிலே நோட்டைப் போட்டுவிட்டார்.

செஞ்சி மக்களே! திண்டிவனத்துக்காரன் மொய் எழுதிவிட்டுத் திரும்பி நடந்து போகிறான். நீங்கள் இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கிறீர்கள்!

எழுந்துவிட்டீர்களா? நெருக்காதீர்கள், மேடை பழைய மேடை. தாய்மார்களை முன்னால் விடுங்கள். தலைவர் அவர்களே, தாங்களும் எழுந்துவிட்டீர்கள், மடியில் கை போகிறது, நன்றி ஐயா, நன்றி! பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பொறுக்காமல் எழுந்துவிட்ட இளையோர்களுக்கும், அதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகும் திண்டிவனத்து விநாயகத்துக்கும் தலை தாழ்ந்த நன்றி. அடுத்த மாதம் அவர்களைத் தோற்கடித்து இந்த மொய்யைத் திருப்பிச் செய்வோம். வணக்கம்!